சைரன் ஓய்ந்த வீடு

அந்தச் சலவை ஆலையில் மேனேஜருக்கு இரண்டு பெயர்கள். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் சைரன். துவைக்கும் கூடத்தின் ஒரு முனையில் அவர் வாயைத் திறந்தால், மறுமுனையில் இஸ்திரி உருளைக்கு விரிப்பு கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்களின் கைகள் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி நகரும். பட்டப்பெயர் வைத்தவர் ஆளைச் சரியாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார்.

அவர் பிறக்கும்போதே அப்படி இல்லை. வாலிபத்தில் அழுக்கு மூட்டை தூக்குகிறவராக அங்கே சேர்ந்தார். ஒரு பக்கம் துவைக்கும் மிஷின்கள், ஒரு பக்கம் உலர்த்தும் மிஷின்கள், நடுவில் நீராவிக் குழாய்களின் சீற்றம். பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் தொண்டை நரம்பு புடைக்க வேண்டும். அந்தக் கூச்சலுக்கு மேலே ஏறி நிற்கிற குரல் அவருக்கு வாய்த்திருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லித்தான் பழைய முதலாளி அவரை மேஸ்திரியாக்கினார், பிறகு மேனேஜராக்கினார். குரலால் வந்த பதவியைக் குரலாலேயே காப்பாற்ற வேண்டும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

வீட்டிலும் அந்தக் குரல்தான். அவருடைய மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பெற்றவர்கள் போன பிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது, பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனும் கூடவே வந்தான். அவனுக்கு சைக்கிள் ஓட்டவும் முகம் மழிக்கவும் கற்றுக்கொடுத்தவர் சைரன்தான். படிப்பு முடிந்ததும் ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆலையில் அவன் அவரை 'சார்' என்றே கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைத்தார். அவனும் கூப்பிட்டான். ஆனால் அந்தச் சொல்லை ரப்பர்போல இழுத்து, மற்றவர்கள் சிரிக்கும்படி கூப்பிடுவான். வீட்டுக்கு வந்தால் அத்தான்.

வீட்டில் அத்தானும் மச்சினனும் ஒத்துப்போன விஷயம் எதுவும் இல்லை. டிவியில் எந்த சேனல் என்பதில் தொடங்கி, குளியலறை விளக்கை அணைக்காமல் போனது யார் என்பது வரை தினமும் சண்டை. "உன்ன மாதிரி ஒரு மாட்ட கட்டிப்போட்டிருந்தா பாலாவது கறந்திருக்கும்டா" என்பார் இவர். "கறக்கத் தெரியணுமே அத்தான்" என்பான் அவன். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டது கிடையாது. "சாப்பிட வாடா" என்று ஒரு குரல் போனால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். முனகிக்கொண்டே வந்து உட்காருவான். பின்னாளில் அவன் தனியாக அறை எடுத்துப் போன பிறகும், வாரத்தில் பாதி நாள் அக்காவின் தட்டில்தான் சாப்பிட்டான்.

எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் கவிழ்ந்தது.

ஆலைக்கு வரும் துணி இரண்டு வகை. மருத்துவமனைத் துணி சிவப்பு வண்டியில், ஹோட்டல் துணி நீல வண்டியில். சலவையானவற்றைப் பார்த்து லாரியில் ஏற்றி அனுப்புவது மச்சினனின் பொறுப்பு. ஒரு நாள் காலை, போனில் பேசிக்கொண்டே ஏற்றச் சொன்னவன், நிறத்தைக் கவனிக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கான பச்சை விரிப்புகள் ஹோட்டலுக்குப் போய்விட்டன. ஹோட்டலிலிருந்து ஒருவர் போன் செய்து, "உங்க விரிப்பப் பாத்துட்டு விருந்தாளி தனக்கு என்ன ஆபரேஷன்னு கேக்கறார்" என்றார். அதற்காவது சிரித்திருக்கலாம். மருத்துவமனையில் அன்று ஆபரேஷன்கள் நின்றுபோயின. அங்கிருந்து வந்த போனில் யாரும் வேடிக்கை பேசவில்லை.

சைரன் அனுப்பும் பகுதிக்கு ஓடினார்.

"கண்ணு எங்கடா இருந்துச்சு? பொடனியிலயா?"

"தப்புதான் சார். நான்தான் பாக்கல."

"பாக்கலயா? நீ எத பாத்திருக்க இதுவரைக்கும்? அக்கா போட்ட சோத்தத் தின்னே வளந்தவனுக்கு வேலையோட அருமை எங்க தெரியப்போகுது? தண்டச்சோறு!"

இதைவிட மோசமாகவும் அவர் திட்டியதுண்டு. ஆனால் அப்போதெல்லாம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, வசவில் பாதியை அவை விழுங்கிவிடும். அன்று உருளையில் ஒரு விரிப்பு சிக்கி, அதை எடுப்பதற்காக மிஷின் வரிசை முழுவதையும் நிறுத்தியிருந்தார்கள். கூடத்தில் எல்லோருக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டது. மச்சினன் கையுறைகளைக் கழற்றி, காலி வண்டியின் கைப்பிடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். "வரேன் சார்" என்றான். இந்த முறை சொல்லை இழுக்கவில்லை.

அவன் ஆலைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. துணி மடிக்கும் மேசையில் மூத்தவளான மடிப்பக்கா, மருந்துக்கடைக்குப் போன இடத்தில் நடந்ததை மனைவியிடம் அப்படியே சொல்லிவிட்டாள்.

அன்று மாலை மனைவி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சோறு போட்டது நான். அத எதுக்கு நீங்க சொல்லிக்காட்டினீங்க?"

அவள் அக்கா என்பதால் தம்பியைத் தன் வேலை இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஆனால் வீட்டுக்கு வா என்று அவளால் அழைக்க முடியவில்லை. அழைக்க வேண்டிய வாய் வேறு.

ஆலையில் வேறு கதை. அந்த வருடம் ஆட்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள், லாரிகள் தாமதமாகக் கிளம்பின. பழைய முதலாளி ஓய்ந்து, அவருடைய மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். இளைய முதலாளி யாரையும் திட்டுவதில்லை. "உங்களுக்கு ஒரு கோச் ஏற்பாடு பண்ணியிருக்கேன். பெரிய கம்பெனி எல்லாத்துலயும் ஆட்கள எப்படி நடத்தறதுன்னு மேனேஜருக்குச் சொல்லித்தர இப்படி ஒருத்தர் இருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆலையில் இரண்டு நாளைக்கு இதே பேச்சுதான்.

"கோச்சா? சைரன ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பறாங்களா?"

"அவர் ஓடினா தொப்பை முன்னாடி போய்ச் சேந்துரும், ஆளு பின்னாடி வருவார்."

கோச் வந்தாள். அவரைவிட மிகவும் இளையவள், தட்டையான செருப்பு, கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். முதல் நாள் அவள் எதையும் கற்றுத் தரவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அடுத்த முறை, கண்ணாடித் தடுப்புள்ள அவருடைய சின்ன அறையில் எதிரே உட்கார்ந்து, யார் சொன்னது என்று சொல்லாமல், சொன்னதை மட்டும் சொன்னாள்.

"அவர் கத்தறப்ப பயமெல்லாம் இல்ல, எரிச்சல்தான். அப்படின்னு ஒருத்தர்."

அவர் தலையாட்டினார்.

"தப்பு நடந்தா நாங்க போய்ச் சொல்ல மாட்டோம். தானா தெரிஞ்சா தெரியட்டும். இத நிறைய பேர் சொன்னாங்க சார்."

"எல்லாரும் என்கிட்ட சிரிச்சுப் பேசறவங்க மேடம்."

"சிரிக்கறாங்க. நானும் பாத்தேன். ஆனா சொல்ல மாட்டேங்கறாங்க."

அவர் மேசைமேல் இருந்த பேனாவைத் திறந்து மூடினார். தொழிலில் இத்தனை காலம் கழித்து இதைக் கேட்க நேர்ந்ததில் அவருக்குக் கோபம் வரவில்லை. வேறு யாருக்கோ வந்த வைத்திய அறிக்கையைத் தன்னிடம் தந்துவிட்டார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

கோச் சொல்லித் தந்தவை பார்க்கச் சாதாரணமாக இருந்தன. ஒருவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசக் கூடாது. முடித்துவிட்டார் என்று தோன்றியதும் "வேற என்ன?" என்று கேட்க வேண்டும், ஏனென்றால் உண்மை அதற்குப் பிறகுதான் வரும். குறை சொல்வதென்றால் தனியறையில். குறை கேட்பதென்றால் விளக்கம் கூடாது, மறுப்பு கூடாது, சமாதானமும் கூடாது. கேட்டு முடித்து "நன்றி" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"வெறும் நன்றியா? நான் ஏன் அப்படிச் செஞ்சேன்னு சொல்ல வேணாமா?"

"நீங்க காரணம் சொல்ல ஆரம்பிச்சா அவங்க வாய மூடிருவாங்க சார். நன்றின்னா, நான் கேட்டுக்கிட்டேன், உன் மேல கோபம் இல்லன்னு அர்த்தம். நாம ஒத்திகை பாக்கலாம். நான்தான் மடிக்கற பொண்ணு." அவள் குரலை மாற்றிக்கொண்டாள். "சார், நேத்து ஈரத் துணிய மடிக்கச் சொன்னீங்க..."

"யாரு? நானா? ஈரத் துணியயா?" சைரன் அலறிவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நாலைந்து தலைகள் திரும்பின. கோச் தண்ணீர் குடித்தாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அவர் கற்றுக்கொண்டார். அதுதான் இந்தக் கதையில் யாரும் எதிர்பாராத பகுதி. ஐம்பதைத் தாண்டிய மனிதர், குழாயைத் திருகி மூடுவதுபோலத் தொண்டையைத் திருகி மூடக் கற்றார். காலையில் மிஷின்களைப் போடுவதற்கு முன் எல்லோரையும் நிற்கவைத்து, நேற்று எது சிரமமாக இருந்தது என்று கேட்டார். முதலில் "சார், காய்ச்சலா?" என்று ஒருத்தி மட்டும் கேட்டாள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. அவர் அவசரப்படுத்திக் கத்துவதால் துணி முழுக்க உலரும் முன்பே எடுத்துவிடுகிறார்கள், ஈரத்தோடு உருளைக்குப் போய் சுருங்குகிறது, மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் லாரி தாமதமாகிறது. அவருடைய சத்தமே அவருடைய லாரியை நிறுத்திவைத்திருந்தது. கேட்டு முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நன்றிம்மா" என்றார். அதை அவர் சொன்னதும் மடிப்பக்கா பக்கத்திலிருந்தவளின் தொடையைக் கிள்ளினாள்.

அதன் பிறகு லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின. போன ஆட்களில் ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒரு விரிப்பில் ரத்தக்கறை போகவில்லை என்று அனுப்பும் பகுதியில் புதிதாகச் சேர்ந்தவன் தானாகவே வந்து சொன்னான். முன்பென்றால் அதை அடியில் திணித்து அனுப்பியிருப்பான். இளைய முதலாளி அவர் தோளைத் தட்டினார்.

அந்த நாட்களில்தான் மனைவி அதைச் சொன்னாள். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"தம்பிக்குக் கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு. அங்கயும் சலவைதானாம். ஞாயித்துக்கிழமை கிளம்பறான். எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது."

"ஓ."

"போறதுக்குள்ள ஒரு தடவ இந்த வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"நான் போய்ப் பேசறேன்" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். "இப்ப எனக்குப் பேசத் தெரியும்" என்றும் சொன்னார்.

கோச்சிடம் அவர் ஆலோசனை கேட்டது உண்மை. ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. சொந்த மச்சினனைச் சபையில் தண்டச்சோறு என்றேன் என்று மகள் வயதுப் பெண்ணிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. "முன்ன எங்கிட்ட வேல பாத்த ஒருத்தர். மனசு கசந்து போயிட்டார். திரும்பப் பேசணும்" என்றார்.

"நல்ல விஷயம் சார். போய் உக்காருங்க. என்கிட்ட வேலை பார்த்தது எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. அவர் கோபப்படுவார், விடுங்க. உங்களுக்கு இப்ப தெரியுமே."

மச்சினனின் அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. சட்டைகளை ஆலையில் மடிக்கிற விதமாகவே, மூலைகள் உள்ளே போக, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கை நின்றது.

"வாங்க அத்தான்" என்றான்.

அத்தான் என்றுதான் சொன்னான். அந்த ஒரு சொல்லிலேயே கதவு பாதி திறந்திருந்தது. அவருக்கும் அது கேட்டது. ஆனால் தயாரித்துக்கொண்டு வந்ததை மறந்துவிடக் கூடாது என்ற கவலையில், அங்கிருந்த ஒரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட வேலை பார்த்தது உனக்கு எப்படி இருந்துச்சு?"

அவன் சிரித்தான். "என்ன, பேட்டியா?"

"இல்ல, தெரிஞ்சுக்கணும். சொல்லு."

அவன் கொஞ்ச நேரம் சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "கேவலமா இருந்துச்சு. திட்டினதுக்கு இல்ல. நீங்க என்னைத் திட்டாத நாள் உண்டா? அக்காவ இழுத்தீங்க பாருங்க. அவ தன் தட்டுல இருந்து எடுத்துப் போட்டவ. அத அத்தன பேர் முன்னாடி..."

ஆமாடா, புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன் என்று வாய் வரைக்கும் வந்தது. விளக்கம் கூடாது, சமாதானம் கூடாது. மூச்சை இழுத்துவிட்டார்.

"வேற என்ன?"

"வேற என்னவா?" அவன் நிமிர்ந்தான். "ஊர்ல பாதிப்பேர் இன்னும் என்னைத் தண்டச்சோறுன்னுதான் கூப்பிடறாங்க. தெரியுமா? டீக்கடையில ஒருத்தன், இன்னிக்கு அக்கா வீட்டுல சாப்பாடு இல்லயான்னு கேக்கறான்."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க என்னை வளத்தது எல்லாமே சொல்லிக்காட்டறதுக்குத்தான். சைக்கிள் வாங்கிக் கொடுத்ததுகூட அதுக்குத்தான்."

அது பொய். பொய் என்று இருவருக்கும் தெரியும். அந்த சைக்கிளுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிய தெருவை அவன் மறந்திருக்க முடியாது. சொல்லிவிட்டு அவன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அடி விழப்போகிறது என்று தெரிந்தும் விலகாமல் நிற்கிறவனைப்போல. டேய் நன்றி கெட்டவனே என்று அவர் எழுந்து கத்தியிருந்தால், அவனும் கத்தியிருப்பான். கீழே டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்திருப்பார். அதன் முடிவில் ஒரு "வாடா வீட்டுக்கு" இருந்திருக்கும்.

"வேற என்ன?" என்றார்.

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் எழுந்தார். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்ற நிம்மதியுடன், கூடத்தில் பழகிய அதே மெல்லிய குரலில் சொன்னார்:

"நன்றி."

கீழே யாரோ இரும்பு வளையம் ஒன்றைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது.

"என்ன சொன்னீங்க?"

"நன்றின்னேன். மனசு விட்டுச் சொன்னதுக்கு." பிறகு நினைவு வந்தவராக, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு நீ வந்தா உங்க அக்கா சந்தோஷப்படுவா" என்றார்.

"பாக்கறேன்" என்றான். கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டான். படி குறுகல், பார்த்து இறங்குங்க என்றான். தெருவரை கூட வந்தான். அவர் திருப்பத்தில் மறையும் வரை டயர் கடை வாசலிலேயே நின்றிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும், சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார். "எல்லாத்தயும் கொட்டினான். நான் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. கோபமே இல்ல அவனுக்கு. தெரு வரைக்கும் வந்து வழியனுப்பினான்னா பாரேன்."

மனைவி அடுப்பைத் தணித்தாள். "யாரு, அவனா? வழியனுப்பினானா?"

"ஆமா."

"சொந்த ஆள் வந்துட்டுப் போனா அவன் படுத்த இடத்துல இருந்து தலையத் தூக்கிக்கூடப் பாக்க மாட்டானே." அவளுடைய குரல் இறங்கியது. "கடைசியா நீங்க என்ன சொன்னீங்க?"

"நன்றின்னு சொன்னேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன்கிட்டயா?"

"ஏன்? அதுல என்ன தப்பு?"

"தப்பெல்லாம் இல்லங்க." உள்ளங்கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "மருந்து வாங்க வர்றவங்க நன்றின்னு சொல்லுவாங்க. நானும் அவங்களுக்குச் சொல்லுவேன். ஒரு தடவ வாடான்னு கத்தியிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்ப ஓடினார். அறை பூட்டியிருந்தது. நண்பன் ஒருவனுடைய இடத்துக்குப் பெட்டியோடு போய்விட்டதாக டயர் கடைக்காரர் சொன்னார். போன் அடித்தார், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'வேலையா இருக்கேன் சார். அப்புறம் பேசறேன்.'

ஞாயிற்றுக்கிழமை மனைவி சமைத்தாள். தம்பிக்குப் பிடித்தவை எல்லாம் இருந்தன. மூன்று தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிற்பகலில் அவளுடைய போன் மணியடித்தது. துறைமுகத்திலிருந்து பேசினான். உடம்பப் பாத்துக்க, மாத்திரய விட்டுடாத, போய் இறங்கினதும் கூப்பிடறேன் என்றான். அவர் கை நீட்டினார். அவள் போனை அவரிடம் கொடுத்தாள்.

"டேய்!" என்றார். அந்தக் குரலில் பழைய வலிமை எங்கேயோ போயிருந்தது. "டேய், நான் ஒரு..."

"சொல்லுங்க சார்."

பின்னால் கப்பலின் கொம்பு ஒலித்தது. அது ஓயும் வரை இருவரும் காத்திருந்தார்கள். ஓய்ந்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அவனாக வைத்தானா, தானாகத் துண்டித்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகும் பலமுறை அழைத்துப் பார்த்தார். மனைவி மூன்றாவது தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

மாதக் கடைசியில் இளைய முதலாளி மற்ற கிளைகளின் மேனேஜர்களை எல்லாம் அழைத்து ஒரு கூட்டம் போட்டார். ஒரு மனிதர் எப்படி மாற முடியும் என்பதற்கு இவரை முன்னால் நிறுத்தினார். லாரி நேரங்களைப் பற்றியும், திரும்பி வந்த ஆட்களைப் பற்றியும் சொன்னார். சொன்னவை எல்லாம் உண்மைதான். கோச் பின்வரிசையில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு காபி குடிக்கும்போது அவரிடம் வந்து, "அந்தப் பழைய ஆள் கிட்ட பேசினீங்களா சார்?" என்று கேட்டாள்.

"பேசினேன் மேடம். நீங்க சொன்ன மாதிரியே பேசினேன்."

"நல்லாப் போச்சா?"

அவள் கெட்டிக்காரிதான், முகத்தைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவர் பேசத் தொடங்கினால் கேட்கத் தயாராக நின்றாள். அவர் காகிதக் கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, லாரி கிளம்பும் நேரம் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

இப்போது அவரை ஆலையில் யாரும் சைரன் என்று கூப்பிடுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். வீட்டிலும் சத்தம் இல்லை. மனைவி அவரோடு சண்டை போடுவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதுமில்லை. வேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள். மருந்துக்கடையில் அன்று நடந்ததைக் கேட்டால் சொல்கிறாள். தம்பியின் போன் வந்தால் பின்பக்கம் போய்ப் பேசிவிட்டு வருகிறாள்.

அப்படி வந்து உட்காரும்போதெல்லாம் அவர் கேட்கிறார். "என்ன சொன்னான்?"

"நல்லா இருக்கானாம்."

அவர் காத்திருக்கிறார். குறுக்கே பேசாமல், அவள் முடிக்கும் வரை காத்திருக்க அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"வேற என்ன?"

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறாள்.

"வேற ஒண்ணும் இல்லங்க. சாப்பிடுங்க."